ஒலி வந்த வழி – 19: யார் செத்தது?

கருங்குழி கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான சவுண்ட் சர்வீஸ் கடை ஒன்று இருக்கிறது. வாசலில் குழாய் ஸ்பீக்கர்களைக் கவிழ்த்து அடுக்கியிருப்பார்கள். உள்ளே சீரியல் செட் சுருள்கள், தூசி படிந்த ஆம்ப்ளிஃபயர்கள், மூலையில் ஒரு டபுள் டெக் டேப் ரெக்கார்டர். காதுகுத்து, கூழ் வார்த்தல், கல்யாணம், கருமாதி எதுவானாலும் மைக் செட் இங்கிருந்துதான் போகும். கடைக்கார அண்ணன் முப்பது வருஷமாக அடுத்தவர் குரலைச் சரிசெய்தே பிழைப்பவர். பாடுகிறவர் வாய் திறந்ததுமே எந்தக் குமிழைத் திருப்புவது என்று அவர் கைக்குத் தெரியும்.

இந்தப் பகுதிக்கான பாட்டுகளை இயர்போனில் பலமுறை கேட்டாயிற்று. பெரிய பெட்டியில் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று செல்போனும் கையுமாக அவர் கடைக்குப் போனேன். முதல் பாட்டு ஓடி அரை நிமிஷம் ஆகவில்லை. "தம்பி, மைக்க வாய்க்குள்ள சொருவிக்கினு பாடறான். பீக் அடிக்குது பாரு. செட்டுக்காரன் தூங்கிட்டானா?" என்றார். இரண்டாவது பாட்டில் கொஞ்சம் முன்னால் குனிந்தார். "டிரம் அடிக்கிறவன் கெட்டிக்காரன்" என்றார். மூன்றாவதுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சத்தத்தை மட்டும் ஒரு சுற்று ஏற்றி வைத்தார்.

கடைப்படியில் அவருடைய அம்மா உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எழுபது தாண்டியவர். ஒரு காலத்தில் இழவு வீடுகளில் ஒப்பாரியை எடுத்துக்கொடுக்க இவரைத்தான் பக்கத்து ஊர்களிலிருந்தும் தேடி வருவார்கள். எங்களுக்கெல்லாம் ஆயா. கீரையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எவன்டா செத்தது? இந்தப் புள்ள இப்பிடி அடிச்சிக்கினு அழுவுது."

யாரும் சாகவில்லை ஆயா, நாற்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் நாலு பையன்கள் பாடியது என்றேன். ஆயா மறுபடி கீரைக்குப் போய்விட்டார்.

அந்த நாலு பையன்களின் குழுவுக்குப் பெயர் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங். ஒரு டெமோவைத் தவிர அவர்கள் பதிவு செய்தது மொத்தத்தில் ஒரு எல்பி, ஒரு சின்னத்தட்டு. மேடை ஏறியது இருபது தடவைக்கும் குறைவு. 1991இல் அந்த இரண்டு தட்டுகளையும், வெளிவராமல் கிடந்த ஒரு பாட்டையும் சேர்த்து 'எண்ட் ஆன் எண்ட்' என்று ஒரு குறுந்தகடு போட்டார்கள். மொத்தம் 17 பாட்டு. 'எமோ' என்ற இசை வகை பிறந்த இடம் இந்தத் தகடுதான் என்று ஒரு கட்சி. இதற்கும் எமோவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியில் பாடியவர்களே இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

*

சென்ற பகுதியில் லண்டன் பங்க்கைப் பார்த்தோம். அமெரிக்காவில் பங்க் இன்னும் வேகம் பிடித்து, இன்னும் சுருங்கி, 'ஹார்ட்கோர்' ஆனது. ஒரு பாட்டு ஒன்றரை நிமிஷம். சில பாட்டுகள் அதற்குள்ளேயே முடிந்துவிடும். வாஷிங்டனில் இதன் முன்னணிக் குழுக்களில் ஒன்று மைனர் திரெட். 1980 முதல் 1983 வரை. அதில் பாடிய இயன் மெக்கே, நண்பர் ஜெஃப் நெல்சனோடு சேர்ந்து 1980இல் டிஸ்கார்ட் என்ற தட்டு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். நிறுவனம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பள்ளி முடித்த பையன்கள் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து, தட்டுக்கான உறையைத் தாங்களே வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். சிவகாசிக்காரர் பார்த்தால் சிரிப்பார். ஆனால் நாற்பது வருஷம் தாண்டியும் அந்தக் கடை மூடப்படவில்லை.

1984 வாக்கில் இந்தக் கூட்டத்துக்குள் அழுகல் தொடங்கிவிட்டது. மேடைக்கு முன்னால் ஆடுவது என்பது இடித்துக்கொள்வதாகவும், இடித்துக்கொள்வது அடிதடியாகவும் ஆனது. மொட்டைத் தலைக் கும்பல்கள் சண்டைக்கென்றே வரத் தொடங்கின. பெண்கள் முன்வரிசையை விட்டு ஒதுங்கினார்கள். பதினாலு பதினைந்து வயதில் இதற்குள் வந்தவர்களுக்கு இப்போது பதினெட்டு பத்தொன்பது. கிழவர்களாகிவிட்ட மாதிரி ஓர் அலுப்பு.

அந்த அலுப்பிலிருந்து வந்தவர்கள் இவர்கள். பாட்டும் கிட்டாரும் கீ பிச்சியோட்டோ. இன்னொரு கிட்டார் எடி ஜேனி. பேஸ் கிட்டார் மைக் ஃபெலோஸ். டிரம் பிரெண்டன் கேன்டி, நம் அண்ணன் கெட்டிக்காரன் என்று சான்றிதழ் கொடுத்தவர். எல்பி பதிவான 1985 பிப்ரவரியில் பிச்சியோட்டோவுக்கு வயது 19. கேன்டிக்கு 19 நிறைய ஒரு மாதம் பாக்கி. குழுவின் பெயர் ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே இசையிலிருந்து வந்தது. 1913 மே 29 அன்று பாரிஸில் அது முதன்முதலாக அரங்கேறியபோது கேட்டவர்களுக்குள்ளேயே கூச்சலும் கலவரமும் கிளம்பியதைப் பத்தாம் பகுதியில் எழுதியிருந்தேன். கேட்பவர்கள் இரண்டாகப் பிரிவது இந்தப் பெயரின் ராசி போலிருக்கிறது.

பதிவு நடந்த இடத்துக்கு இன்னர் இயர் என்று பெயர். உட்செவி என்று பொருள். வாஷிங்டனுக்கு ஆற்றைத் தாண்டினால் ஆர்லிங்டன். அங்கே டான் ஸியன்டாரா என்பவர் தன் வீட்டின் நிலவறையில் நடத்திவந்த ஸ்டுடியோ. மேலே குடும்பம் புழங்க, கீழே பையன்கள் கத்திக்கொண்டிருப்பார்கள். பொறுப்பாளராக இயன் மெக்கே உட்கார்ந்தார். ஆக, அண்ணன் கேட்டதற்குப் பதில்: செட்டுக்காரர் தூங்கவில்லை. நன்றாக விழித்திருந்த இரண்டு பேர் அந்தக் குரல் விளிம்பில் பிளப்பதைக் கேட்டார்கள், கேட்டு அப்படியே விட்டார்கள். இதே கூடத்தில் பதிவான மற்றத் தட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். குரலை அடக்கத் தெரியாதவர்கள் இல்லை என்று விளங்கும்.

எல்பி 1985 ஜூனில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நமக்கு 'முதல் மரியாதை' வந்தது. செங்கல்பட்டு ரெக்கார்டிங் சென்டர்களில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு, 60 நிமிஷ, 90 நிமிஷக் காலி கேசட் வாங்கிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்த காலம் அது. இளையராஜாவின் ஒரே பாட்டைப் பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பதியச் சொன்னவர்களையும் எனக்குத் தெரியும். அழுகையைக் காசு கொடுத்துப் பதிந்து வைத்துக்கொள்வதில் நமக்குக் கூச்சமே இருந்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வாஷிங்டன் பையன்களுக்கு அது பெரிய கூச்சமாக இருந்தது.

*

ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் மேடையைப் பார்த்தவர்கள் சொல்வது ஒரே மாதிரி இருக்கும். மேடையில் பூக்களை இறைத்து வைப்பார்கள். பாடும்போது உருளுவார்கள். கிட்டாரை அடித்து நொறுக்குவார்கள். நொறுங்கியதற்குப் பதில் வாங்கக் கையில் காசு சேரும்வரை அடுத்த மேடை இல்லை. மேடைகள் இவ்வளவு குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம். கூட்டத்தில் நின்றவர்கள் அழுதார்கள். முன்வரிசையில் அடித்துக்கொள்வதற்கென்று வந்த பையன்கள் இருந்த அதே கூடங்களில் இது நடந்தது. இயன் மெக்கே இவர்களுக்குச் சாமான் தூக்கப் போகுமளவுக்கு ரசிகர்.

பாட்டில் என்ன இருந்தது? சர்க்காரைத் திட்டவில்லை. போலீஸைத் திட்டவில்லை. பிரிந்த நண்பர்கள், சொல்ல வந்து சொல்லாமல் விட்டது, முடிந்துபோன ஒரு பருவம். 'ஹெயின்ஸ் பாயின்ட்' என்றொரு பாட்டு. அது வாஷிங்டனில் பொட்டோமாக் ஆற்றோரப் பூங்காவின் தென்முனை. ஊர்ப் பையன்கள் காற்று வாங்கப் போகிற இடம். நம்மில் ஒருவன் படாளம் கூட்டு ரோட்டின் பெயரை வைத்து ஒரு சோகப் பாட்டுக் கட்டினால் எப்படியோ அப்படி. எல்பியின் கடைசிப் பாட்டு ஏழு நிமிஷத்துக்கு மேல் போகிறது. ஒன்றரை நிமிஷப் பாட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு ஏழு நிமிஷம் என்பது கூத்து விடியவிடிய நடப்பதற்குச் சமம்.

அந்த 1985 கோடைக்கே 'ரெவல்யூஷன் சம்மர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏமி பிக்கரிங் என்ற பெண், தான் வேலை செய்த அலுவலகத்திலிருந்து நண்பர்களுக்குக் கையெழுத்தில்லாத துண்டுச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பினார். புரட்சிக் கோடை வருகிறது, தயாராயிருங்கள் என்பதே சேதி. வந்ததும் வந்தது. 1985 ஜூன் 21 அன்று தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன்னால் கூடி, நிறவெறி ஆட்சியை எதிர்த்து டிரம், வாளி, தகரம் எது கிடைத்ததோ அதையெல்லாம் போட்டு அடித்தார்கள். பிச்சியோட்டோ வகையறா தங்கள் சொந்த மனசைப் பற்றி மட்டும் பாடிய சுயநலக்காரர்கள் என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு இந்த வாளிகள் ஞாபகம் வரும். பாட்டில் மனசு, தெருவில் வாளி. இரண்டும் ஒரே ஆட்கள்தான்.

1986 ஜனவரியில் நாலு பாட்டு பதிந்தார்கள். அதோடு குழு கலைந்தது. அந்த நாலும் சின்னத்தட்டாக வெளிவந்தபோது 1987 ஆகிவிட்டது. பிச்சியோட்டோவும் கேன்டியும் பிறகு இயன் மெக்கேயோடு சேர்ந்து ஃபுகாஸி என்ற குழுவில் உலகம் சுற்றினார்கள். அந்தக் கதைக்குத் தனிப் பகுதி உண்டு.

*

'எமோ' என்ற பெயர் வந்த கதை பெயர் வைக்கிற எல்லாக் கதையையும் போலத்தான். வைத்தவர்கள் வேறு, சுமந்தவர்கள் வேறு. ஸ்கேட்போர்டு பத்திரிகையான திராஷரில் 'எமோ-கோர்' என்ற சொல் அடிபட்டது. 'இமோஷனல் ஹார்ட்கோர்' என்பதன் சுருக்கம். இயன் மெக்கே அப்போது நடத்திய எம்ப்ரேஸ் என்ற குழுவின் மேடையில், 1986இல், இந்தச் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு, இதைவிட முட்டாள்தனம் கேட்டதில்லை என்று சாடினார். பிச்சியோட்டோ பிற்பாடு கேட்ட கேள்வி இன்னும் கூர்மை: அப்படியானால் பேட் பிரைன்ஸ் என்ன, ரோபோக்களா?

பேட் பிரைன்ஸ் இதே வாஷிங்டனில் இவர்களுக்கெல்லாம் முன்னோடியான கறுப்பினக் குழு. ஹார்ட்கோர் என்ற வேகத்தை இந்த ஊருக்குக் காட்டியவர்களே அவர்கள்தான். அவர்கள் தொண்டை கிழியப் பாடியபோது அதற்கு உணர்ச்சி என்று தனி முத்திரை தேவைப்படவில்லை. நடுத்தர வர்க்கத்து வெள்ளைப் பையன்கள் நாலு பேர் அழுததும் அது ஒரு வகை ஆகிவிட்டது. இங்கேயும் சங்கதி அதுதான். இழவுக்கு அடிக்கிற பறையும் சாவுக்குப் பாடுகிற கானாவும் காலகாலமாகக் குரலைக் கிழித்துக்கொண்டுதான் இருந்தன. அதைச் சத்தம் என்றார்கள். யாரும் அதற்கு இசை வகை என்று மரியாதையான பெயர் தேடவில்லை.

பெயர் வைப்பது எங்கள் ஊருக்கும் நேர்ந்திருக்கிறது. 1759இல் கர்னல் கூட் வந்து இங்கிருந்த கோட்டையைப் பிடித்தபோது வெள்ளைக்காரன் காதில் 'ழ' விழவில்லை. கேரங்கூலி என்று எழுதிவைத்தான். அவர்கள் ஆவணங்களில் கேரங்கூலி, எங்கள் பஸ் போர்டில் கருங்குழி. எழுதப்பட்டது எதுவோ அதைத்தான் வெளியூர்க்காரர்கள் தேடி எடுக்கிறார்கள்.

*

நான் இந்தத் தொகுப்பை முதலில் கேட்டது தகடாக இல்லை. 2007இல், ஜிஎஸ்டி சாலையோரப் பொறியியல் கல்லூரி ஒன்றின் விடுதியில். லேன் கேபிளில் ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்குப் படமும் பாட்டும் இழுத்துக்கொண்டிருந்த நாட்கள். யாரோ ஒரு சீனியர் விட்டுப்போன ஃபோல்டர். 17 எம்பி3. பாட்டு எண் இல்லை, படம் இல்லை, ஆண்டு இல்லை. கணினி அவற்றை ஆங்கில அகரவரிசையில் அடுக்கிப் போட்டது.

அதனால் நான் கேட்ட 'எண்ட் ஆன் எண்ட்' வேறு யாரும் கேட்காதது. முதல் பாட்டு 'ஆல் தேர் இஸ்'. 1985 எல்பியில் உள்ளது. அடுத்தது 'ஆல் த்ரூ எ லைஃப்'. 1986இல் பதிந்த சின்னத்தட்டின் முதல் பாட்டு. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு வருஷம். எனக்கு மூன்று விநாடி. முதலாவதில் கிட்டார் சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது, குரல் அதன் மேல் ஏற முடியாமல் ஏறுகிறது. இரண்டாவதில் கிட்டார் விலகி வழி விடுகிறது, குரலுக்கு மெட்டுக் கிடைத்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆள் பாடியதா என்று சந்தேகமே வந்தது. எல்பியை முடித்துவைக்கிற ஏழு நிமிஷப் பாட்டு எனக்கு ஆறாவதாக வந்து நடுவில் படுத்துக்கொண்டது. எல்பியைத் திறந்துவைக்கிற 'ஸ்பிரிங்' பதினாறாவதாக வந்தது. வசந்தம் கடைசிக்கு முந்திய வண்டியில் வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான வரிசையில் கேட்க எனக்கு மூன்று வருஷம் ஆனது. கேட்ட பிறகுதான் ஒரு பழைய சண்டை புரிந்தது. இந்தத் தொகுப்பைப் பற்றிப் பேசுகிறவர்களில் ஒரு சாரார் எல்பியோடு தகடு முடிந்திருக்க வேண்டும், சின்னத்தட்டின் நாலு பாட்டும் ஆறிய சோறு என்பார்கள். மறு சாரார் அந்த நாலில்தான் அவர்களுக்கு வாசிக்கவே வந்தது என்பார்கள். நான் எல்பி கட்சி. ஆனால் அகரவரிசைக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்: ஆறிய சோறு என்று யாரும் சொல்லித்தருவதற்கு முன்னால், அந்த நாலையும் சம இலையில் பரிமாறி எனக்குச் சாப்பிடக் கொடுத்தது அதுதான்.

விடுதியில் மற்றவர்கள் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. நெற்றியை மறைத்து முடி விட்டிருந்த அறைத்தோழன் ஒருவன். மை கெமிக்கல் ரொமான்ஸ் குழுவின் 'தி பிளாக் பரேட்' வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, அதை நாளுக்கு நாலு தடவை கேட்பவன். எமோவின் மூலம் இது என்று யாரோ சொன்னதை நம்பி உட்கார்ந்தான். மூன்று பாட்டுக்குப் பிறகு, "மச்சான், இதுல எமோ எங்கடா இருக்கு?" என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டான். அவன் கேட்டது நியாயம். மூலவரைப் பார்க்கப் போய், உற்சவர் அலங்காரத்தைத் தேடியிருக்கிறான். மெட்டல் கேட்கிற இன்னொருவன், கிட்டார் சுருதி சேரவில்லை என்றான். அதுவும் பல இடங்களில் உண்மை. கவிதை எழுதுகிறவன் ஒருவன் வரிகளை மட்டும் படித்துவிட்டு, டைரியில் கிழித்தது மாதிரி இருக்கிறது என்றான். அதைப் பாராட்டாகச் சொன்னானா என்று இன்றுவரை தெரியாது. வியாசர்பாடிப் பையன் ஒருவன் மட்டும் அந்த ஏழு நிமிஷப் பாட்டைத் திரும்பப் போடச் சொல்லி, குளியலறை வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கூடவே அடித்தான். அவனுக்கு இங்கிலீஷ் பாட்டே ஆகாது.

கேட்டவர்கள் கூட்டத்தில் இன்னொரு தரப்பும் உண்டு: அன்றைக்கு அந்தக் கூடங்களில் நின்றவர்கள். தட்டில் இருப்பது நிழல், நாங்கள் பார்த்தது வேறு என்பார்கள். எதிர்வாதமே செய்ய முடியாத தரப்பு இது. கேட்கிறவனுக்கு எரிச்சலும் வரும். ஆனாலும் கோயில் திருவிழாவில் நேரில் கேட்ட நாயனத்தை யூடியூபில் தேடி ஏமாந்தவர்கள் அவர்களைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

*

தொகுப்புத் தகடு என்ற வடிவமே இந்த மாதிரிக் குழுக்களுக்கென்று அமைந்தது போலிருக்கிறது. வாழ்ந்தது இரண்டு வருஷம். விட்டுப்போனது சின்னத்தட்டுகள், கேசட்டுகள், மற்றவர் தொகுப்பில் ஒரு பாட்டு. யாராவது ஒருவர் பொறுக்கிச் சேர்க்காவிட்டால் அவ்வளவுதான். சிகாகோவின் கேப்'ன் ஜாஸ் பள்ளிப் பையன்களின் ஏறக்குறைய எல்லாப் பாட்டும் 1998இல் இரட்டைத் தகடாக வந்தது. மேரிலாந்தின் மாஸ் ஐகான் 1991இல் கலைந்துபோக, முழுத் தொகுப்பு 2012இல் வந்தது. கலிஃபோர்னியாவில் இந்தியன் சம்மர் என்றே ஒரு குழு இருந்தது. பெயரைப் பார்த்து அக்னி நட்சத்திரத்தை நினைக்க வேண்டாம். இலையுதிர் காலத்தில் திடீரென்று அடிக்கிற இளவெயிலுக்கு அமெரிக்காவில் அப்படிச் சொல்வார்கள். 1993-94இல் இருந்தார்கள். பாட்டுக்குத் தலைப்பு வைக்கவில்லை. ஒரு பாட்டின் அடியில் பெஸ்ஸி ஸ்மித்தின் பழைய இசைத்தட்டு தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முந்திய கறுப்பினப் பாடகியின் அழுகை, அதன் மேல் இவர்கள் அழுகை. இவர்களுடைய தொகுப்பு 2002இல் ஒன்றும் 2019இல் ஒன்றும் வந்தன.

ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கின் 1984 டெமோகூட 2012இல் தட்டாக வந்துவிட்டது. எல்பிக்கும் முந்திய ஆறு பாட்டு. ஆக, 'முதல்' என்பது இன்னும் ஒரு வருஷம் முன்னால் நகர்ந்தது. நாளைக்கு எவர் வீட்டுப் பரணிலிருந்தோ இன்னொரு கேசட் இறங்கினால் இன்னும் நகரும். இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து 'முதல்' என்ற சொல்லைக் கண்டால் எனக்கு ஒரு சந்தேகம். முதலில் பாடியவர் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அவர் பக்கத்தில் ஒரு டேப் ஓடிக்கொண்டிருந்தது என்பது மட்டுமே நிச்சயம். வாஷிங்டனில் அந்த 1984-85இல் வேறு நிலவறைகளிலும் யாராவது அழுது பாடியிருக்கலாம். ஸியன்டாராவின் நிலவறையில் மெஷின் இருந்தது.

*

அன்றைக்குக் கடையில் பாட்டெல்லாம் ஓடி முடிந்தபோது ஆயாவின் கீரையும் முடிந்திருந்தது. முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அடுத்தவங்க சாவுக்கு யாரு இம்மாம் நேரம் அழுவா? அவுங்க அவுங்க கஷ்டத்ததான் அழுவறது."

ஆயா இதைச் சொல்ல ஒரு புத்தகமும் படித்திருக்கவில்லை. ஆனால் இசபெல் கிளார்க்-டெசே என்ற மானுடவியலாளர் நம் பக்கத்துத் தென்னார்க்காட்டுக் கிராமங்களில் ஒப்பாரி கேட்டு, 2005இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பது அதன் தலைப்பின் பொருள். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொள்கிற பெண்கள் பாடுவது பெரும்பாலும் தங்கள் பிறந்தவீடு, தங்கள் புருஷன், தங்கள் விதி. செத்தவர் ஒரு சாக்கு. 'எவன் செத்தது' என்ற கேள்விக்கும் 'அவுங்க கஷ்டம்' என்ற தீர்ப்புக்கும் நடுவே ஆயா எடுத்துக்கொண்டது 17 பாட்டு நேரம். இந்தத் தகட்டைப் பற்றி நான் படித்த விமர்சனங்களில் பலவும் அந்த இடத்துக்கு வந்தே சேரவில்லை.

அண்ணன் டெக்குக்குப் பின்னாலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக் காட்டினார். 90களில் பதிந்தது. தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது மகன் துபாயில்; வர முடியவில்லை. ஒப்பாரியையாவது கேட்கிறேன், பதிந்து அனுப்புங்கள் என்று போனில் அழுதாராம். மைக்கை முற்றத்து முருங்கையில் கட்டி, ஆயா எடுத்துக்கொடுக்க, பெண்கள் பாடியது ஒரு பக்கம் முழுக்கப் பதிவானது. ஒரு பிரதி துபாய்க்குப் போயிற்று. இன்னொன்று இது. உறையில் பேனா மை கரைந்து ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்தது. நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை.

"போடலாமா?" என்றேன். அண்ணன் கையை உதறினார். "போட்டா ரெண்டு சுத்துல அறுந்துடும் தம்பி." ஆயாவுக்கு அதில் அக்கறையே இல்லை. "அத்த எவன் கேக்கப் போறான்" என்று முறத்தோடு உள்ளே போய்விட்டார்.

வாஷிங்டன் நகரப் பொது நூலகம் 2014இல் பங்க் ஆவணக் காப்பகம் ஒன்றைத் தொடங்கியது. பையன்கள் விட்டுப்போன கேசட், துண்டறிக்கை, கையால் ஒட்டிய உறை எல்லாம் அங்கே பொதுச் சொத்து. வேண்டியவர் போய்ப் பார்க்கலாம். கருங்குழியிலிருந்து மாமல்லபுரம் வரை இந்த வட்டாரத்தில் வீட்டில் ஒப்பாரி, சாவுக் கானா, பறை, கூத்து பதிந்த கேசட் வைத்திருப்பவர்கள் இந்த இதழின் முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள். கேசட்டை அனுப்ப வேண்டாம்; என்ன, எப்போது, யார் பாடியது என்று எழுதினால் போதும், நானே வருகிறேன். அதுவரை பூஞ்சை பிடித்த நாடாவை டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள். வேகமாகச் சுற்றவும் சுற்றாதீர்கள். ஈரமில்லாத இடத்தில், உறையோடு, நிற்க வைத்திருங்கள்.